கேலரி கதவைத் தட்டுவது எப்படி? ஓவியக் கல்லூரி போகாத ஓவியருக்கு யாரும் சொல்லித் தராத பாடங்கள்

வீட்டுக்கு வருகிற எல்லோரும் ஹாலில் மாட்டியிருக்கும் ஓவியத்தைப் பார்த்து ஒரே வரியைத்தான் சொல்வார்கள்: "நீயே வரைஞ்சதா? கேலரியில வைக்கலாமே!" எந்த கேலரி, யாரைப் பார்ப்பது, என்ன அனுப்புவது, எவ்வளவு செலவாகும் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லத் தெரியாது என்பதுதான் உண்மை.

தானாகவே ஓவியம் கற்றுக்கொண்டவர்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். கை நன்றாக ஓடுகிறது. இன்ஸ்டாகிராமில் லைக்ஸ் விழுகின்றன. கேலரிக்கு மெயில் அனுப்பினால் பதில் மட்டும் வருவதில்லை. இரண்டு முறை முயற்சி செய்துவிட்டு, "அதெல்லாம் காலேஜ்ல படிச்சவங்களுக்குத்தான்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சிலர் அதைவிட மோசமாக, "உங்கள் ஓவியம் தேர்வாகிவிட்டது, பணம் கட்டுங்கள்" என்று வரும் மெசேஜை நம்பிக் கையில் இருந்ததையும் இழக்கிறார்கள்.

கேலரிகள் எதிர்பார்க்கும் விஷயங்களில் பாதிக்கு மேல் ஓவியத் திறமையோடு சம்பந்தமே இல்லாதவை. அவற்றை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள ஓர் இடம் இல்லாததுதான் பிரச்சினை.

பட்டம் இல்லாவிட்டால் கதவு திறக்காதா?

தமிழ்நாட்டில் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரியின் தொடக்கம் 1850. இப்படிப்பட்ட கல்லூரிகளில் மாணவர்களுக்குக் கிடைப்பது வரையும் பயிற்சி மட்டுமல்ல. சீனியர் கண்காட்சி வைக்கும்போது ஆணி அடிக்கப் போகிறார்கள். யார் கமிஷன் எவ்வளவு எடுக்கிறார், எந்த இடத்தில் வாடகை குறைவு, விலைப்பட்டியல் எப்படி அடிப்பது என்பதெல்லாம் கேன்டீன் டீயோடு சேர்ந்து காதில் விழுகிறது. பட்டத்தைவிட இந்தக் காதுவழிப் பாடம்தான் பிறகு அதிகம் கைகொடுக்கிறது.

பட்டம் இல்லாமல் பெயர் பெற்றவர்களின் கதையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இது புரியும். பூபேன் கக்கர் படித்தது சார்ட்டர்ட் அக்கவுன்டன்சி. பரோடாவில் ஓவியராகப் பெயர் எடுக்கத் தொடங்கிய பிறகும் நீண்ட காலம் பகுதி நேரமாகக் கணக்கு வேலை பார்த்தவர். 2016இல் லண்டன் டேட் மாடர்ன் அவருடைய ஓவியங்களுக்கென்று தனிக் கண்காட்சி நடத்தியது. ஓவியத்தில் பட்டம் இல்லைதான். ஆனால், பரோடா போய் அங்கே கலை விமர்சனம் படித்தார். ஓவியர்களின் வட்டத்துக்குள் வாழ்ந்தார்.

மத்தியப் பிரதேசத்தின் பில் பழங்குடி ஓவியர் பூரி பாய், போபாலில் பாரத் பவன் கட்டப்பட்டபோது அங்கே கூலி வேலை பார்த்தவர். ஓவியர் ஜே.சுவாமிநாதன் அவரிடம் அவருடைய ஊர்ச் சுவர் ஓவியங்களைப் பற்றிக் கேட்டு, வரையச் சொன்னார். 2021இல் பூரி பாய்க்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இரண்டு கதைகளிலும் திறமை இருந்தது. கூடவே, கதவைத் திறந்துவிட ஓர் ஆளோ ஒரு வட்டமோ இருந்தது. அப்படி யாரும் இல்லாதவர் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைத் தானே தெரிந்துகொள்ள வேண்டும்.

தென்காசிப் பக்கம் ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். பகலில் மொபைல் கடையில் வேலை, இரவில் ஓவியம். அவரிடம் முப்பது ஓவியங்கள் இருக்கின்றன. அவர் எங்கிருந்து தொடங்குவது?

எல்லா கேலரியும் ஒரே மாதிரி அல்ல

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. 'ஆர்ட் கேலரி' என்று தேடி, கிடைத்த எல்லா முகவரிக்கும் ஒரே மெயிலை அனுப்புவது. கேலரி என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று விதமான இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, வாடகைக்குக் கிடைக்கும் கண்காட்சிக் கூடம். விண்ணப்பம் கொடுத்து, தேதி வாங்கி, வாடகை கட்டி, ஓவியரே கண்காட்சியை நடத்திக்கொள்ள வேண்டும். சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமியின் மண்டல மையம், ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல் ஓவியர் கிராமத்தில் உள்ள கூடங்கள் போன்றவை இந்த வழியில் பலருக்கும் அறிமுகமானவை. வாடகை வெளிப்படையாகச் சொல்லப்பட்டால் இதில் தப்பேதும் இல்லை. ஆனால், இங்கே கண்காட்சி வைத்தால் 'கேலரி என்னைத் தேர்ந்தெடுத்தது' என்று அர்த்தம் ஆகாது. வருகிறவர்களை அழைத்து வரும் வேலையும் ஓவியருடையதே.

இரண்டாவது, வணிக கேலரி. இவர்கள் வாடகை வாங்குவதில்லை. பிடித்த ஓவியரைத் தேர்ந்தெடுத்து, கண்காட்சி வைத்து, விற்றால் கமிஷன் எடுக்கிறார்கள். 30 முதல் 50 சதவீதம் வரை கமிஷன் என்பது இந்தத் தொழிலில் சகஜம். கேட்கிறபோது அதிகமாகத் தோன்றும். இடம், விளக்கு, விளம்பரம், ஆண்டுக்கணக்கில் சேர்த்த வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் அந்தத் தொகைக்குள் வருகின்றன. இவர்களுக்கு விற்கிற ஓவியர்தான் வேண்டும். அதனால் வடிகட்டலும் இங்கேதான் அதிகம்.

மூன்றாவது, பொது அமைப்புகளின் கண்காட்சிகள். லலித் கலா அகாடமி நடத்தும் தேசியக் கலைக் கண்காட்சி இதில் பெரியது. மாநில அளவில் கலை பண்பாட்டுத் துறையும் ஓவிய நுண்கலைக் குழுவும் கண்காட்சிகள், போட்டிகளுக்கான அறிவிப்புகளை வெளியிடுகின்றன. நடுவர் குழு பார்த்துத் தேர்ந்தெடுக்கும். இங்கே ஒரு முறை தேர்வானாலும் பயோடேட்டாவில் அந்த வரிக்கு எடை உண்டு.

இவை தவிர, கேலரியே இல்லாத வழியும் உண்டு. பெங்களூருவில் கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் நடத்தும் 'சித்ர சந்தே'யில் குமாரகிருபா சாலையே ஓவியச் சந்தையாகிவிடும். வாங்குபவரும் ஓவியரும் நேருக்கு நேர் பேசுகிறார்கள். தன் ஓவியத்தின் முன்னால் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், என்ன விலை கேட்டதும் நகர்கிறார்கள் என்பதை ஒரே நாளில் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

ஆக, தென்காசி இளைஞர் முதலில் செய்ய வேண்டியது மெயில் அனுப்புவதல்ல; போய்ப் பார்ப்பது. சென்னைக்கோ கொச்சிக்கோ பெங்களூருவுக்கோ வருகிறபோது நாலு கேலரிக்குள் நுழைய வேண்டும். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது. என்ன மாதிரி ஓவியங்களை வைக்கிறார்கள், என்ன அளவு, என்ன விலை என்று பார்க்க வேண்டும். அரூப ஓவியம் மட்டுமே வைக்கிற இடத்துக்குக் கோயில் கோபுரத்தை அனுப்பிவிட்டு, "பதிலே போடல" என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

முப்பதில் எந்தப் பத்து?

அடுத்த கேள்வி, எதை அனுப்புவது. தானாகக் கற்றவர்களின் ஃபோல்டரில் பொதுவாக எல்லாமே இருக்கும்: ஒரு புலி, ஒரு விநாயகர், நடிகர் முகம், அருவி, கொஞ்சம் அரூபம். 'எனக்கு எல்லாம் வரும்' என்று காட்டுவதுதான் நோக்கம். பார்க்கிற கியூரேட்டருக்குத் தோன்றுவது வேறு: 'இவருக்கு எது முக்கியம் என்று தெரியவில்லையே.'

கேலரி தேடுவது ஓவியர் ஒரே விஷயத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதை. எனவே, ஒன்றோடொன்று பேசுகிற பத்து முதல் பதினைந்து ஓவியங்கள் போதும். ஒரே ஊர், ஒரே மனிதர்கள், ஒரே நிறக் குடும்பம், ஒரே கேள்வி என எது வேண்டுமானாலும் இணைக்கும் நூலாக இருக்கலாம். கடந்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் வரைந்தவையாக இருப்பது நல்லது. சந்தேகமாக இருக்கும் ஓவியத்தை எடுத்துவிட வேண்டும். தொகுப்பில் பலவீனமான ஒன்றுதான் கண்ணில் முதலில் படும்.

இந்த இளைஞரையே எடுத்துக்கொண்டால், நடிகர் முகங்கள் அல்ல, மொபைல் கடை கவுன்ட்டரில் அவர் தினமும் பார்க்கிற கைகளும் முகங்களும்தான் அவருடைய பலமாக இருக்கலாம். அதை வேறு யாரும் அந்த இடத்தில் நின்று பார்த்ததில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இணையத்தில் கிடைத்த போட்டோவைப் பார்த்து அப்படியே வரைந்த ஓவியத்தை அனுப்பக் கூடாது. போட்டோவுக்கும் பதிப்புரிமை உண்டு. பயிற்சிக்கு வரைவது வேறு. கண்காட்சியில் வைத்து விற்பது வேறு. பார்த்து வரைய வேண்டுமென்றால் போட்டோவைத் தானே எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

ஓவியத்துக்கு முன்னால் போட்டோதான் போகிறது

கேலரிக்காரர் முதலில் பார்ப்பது ஓவியத்தை அல்ல, அதன் போட்டோவை. ஆறு மாதம் வரைந்த ஓவியத்தை டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்வாக எடுத்து அனுப்பினால், ஆறு மாத உழைப்பும் அந்தச் சாய்வோடு போய்விடும்.

விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. நல்ல மொபைல் போதும். கவனிக்க வேண்டியவை சில:

* நேரடி வெயில் வேண்டாம். காலையிலோ மாலையிலோ நிழலான வராண்டா வெளிச்சம் சிறந்தது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

* ஓவியத்தைச் சுவரில் நேராக வைத்து, அதன் நடு உயரத்துக்கு மொபைலைப் பிடிக்க வேண்டும். நான்கு ஓரமும் நேர்கோடாகத் தெரிய வேண்டும். ரொம்பக் கிட்டப் போகாமல், கொஞ்சம் தள்ளி நின்று லேசாக ஜூம் செய்தால் ஓரங்கள் வளையாது.

* கண்ணாடி போட்ட ஓவியம் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுப்பவர் முகமும் ஓவியத்தில் சேர்ந்துகொள்ளும்.

* ஃபில்டர் கூடாது. ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் திருத்த வேண்டும். போட்டோவில் பளிச்சென்று தெரிந்து நேரில் மங்கலாக இருந்தால் அந்த கேலரி அடுத்த முறை நம்பாது.

* ஓவியம் மட்டும் இருக்கும்படி ஓரம் வெட்ட வேண்டும். தரை, திரைச்சீலை, பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் தெரியக் கூடாது. தூரிகைத் தடம் தெரிகிற மாதிரி ஒன்றிரண்டு குளோசப் தனியாக அனுப்பலாம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக போட்டோ அனுப்பினால் தரம் குறைந்துவிடும். கேட்டால் 'டாக்குமென்ட்'டாக அனுப்ப வேண்டும். மெயிலில் டிரைவ் லிங்க் அனுப்புகிறவர்கள், அது மற்றவர்களுக்குத் திறக்கிறதா என்று வேறொரு போனில் சரிபார்க்க வேண்டும். 'அனுமதி கேளுங்கள்' என்று வந்தால் பெரும்பாலானோர் அனுமதி கேட்க மாட்டார்கள். அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்கள்.

பட்டியல், பயோடேட்டா, நாலு வரி விளக்கம்

போட்டோவோடு போக வேண்டிய காகிதங்கள் மூன்று.

ஒன்று, ஓவியப் பட்டியல். ஒவ்வொரு ஓவியத்துக்கும் தலைப்பு, மீடியம், அளவு, ஆண்டு, விலை. 'பெயின்டிங்' என்று மட்டும் எழுதக் கூடாது. 'கேன்வாஸில் அக்ரிலிக்', 'காகிதத்தில் வாட்டர்கலர்' என்று எழுத வேண்டும். அளவு எழுதும்போது உயரம் முதலில், அகலம் அடுத்து என்பதுதான் ஓவிய உலகின் வழக்கம். மாற்றி எழுதினால் படுக்கை ஓவியம் நிற்கும் ஓவியமாகிவிடும். போட்டோ ஃபைலுக்கும் மொபைல் தானாகக் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, ஓவியர் பெயரும் தலைப்பும் வைக்க வேண்டும். நூறு மெயிலுக்கு நடுவில் ஃபைல் தனியாகப் பிரிந்துபோனாலும் யாருடையது என்று தெரியும்.

இரண்டு, பயோடேட்டா. பிறந்த ஊர், வசிக்கும் ஊர், கலந்துகொண்ட கண்காட்சிகள், பரிசுகள். கண்காட்சியே இல்லையென்றால் இல்லை. அதற்காகப் பள்ளி ஓவியப் போட்டிப் பரிசையெல்லாம் சேர்க்க வேண்டாம். கல்வி என்ற இடத்தில் 'தானாகக் கற்றவர்' என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்கிற தொனியும் வேண்டாம். பெருமையடிக்கிற தொனியும் வேண்டாம்.

மூன்று, ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட் என்று சொல்லப்படும் விளக்கக் குறிப்பு. பலரும் பயப்படுவது இதற்குத்தான். 'பிரபஞ்சத்தின் ஆழ்மன உணர்வுகளை வண்ணங்களின் வழியே வெளிப்படுத்துகிறேன்' என்கிற மாதிரி எழுதினால்தான் மதிப்பு என்று நினைத்து, எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்கள். அந்த வரி யாருடைய ஓவியத்துக்கும் பொருந்தும். அதனாலேயே யாருக்கும் பயன்படாது. என்ன வரைகிறார், ஏன் அதை வரைகிறார், எப்படி வரைகிறார் என்ற மூன்று கேள்விக்கு 150 சொற்களுக்குள் பதில் எழுதினால் போதும். 'உடைந்த போனை நீட்டும்போது மக்கள் கைகள் நடுங்குவதைத் தினமும் பார்க்கிறேன். அந்தக் கைகளை வரைகிறேன்' என்று எழுதினால், படிக்கிறவர் ஓவியத்தைத் திறந்து பார்ப்பார். முதலில் தமிழில் எழுதி, அப்புறம் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கிக்கொள்ளலாம்.

மெயில் சுருக்கமாக இருக்கட்டும். அந்த கேலரியில் எந்தக் கண்காட்சியைப் பார்த்தார், ஏன் தன் ஓவியம் அங்கே பொருந்தும் என்று நினைக்கிறார் என்ற இரண்டு வரி, கூடவே மேலே சொன்னவை. முன்னறிவிப்பு இல்லாமல் கேன்வாஸைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நிற்பதைப் பெரும்பாலான கேலரிகள் விரும்புவதில்லை. பதில் வராவிட்டால் மூன்று, நான்கு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த இடம். மௌனம் பெரும்பாலும் 'இப்போது வேண்டாம்' என்றுதான் அர்த்தமாகும். 'நீ ஓவியனே இல்லை' என்று அர்த்தமாகாது.

விலை: கையில் நிற்பது எவ்வளவு?

'எவ்வளவு கொடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க' என்பது நம்மூர் ஓவியர்களின் வழக்கமான பதில். கேலரியில் இது எடுபடாது. விலையை ஓவியர்தான் சொல்ல வேண்டும். பலரும் பின்பற்றுகிற எளிய வழி, சதுர அங்குலக் கணக்கு.

24க்கு 36 அங்குலக் கேன்வாஸ் என்றால் 864 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 17 ரூபாய் என்று வைத்தால் 14,688. அதை 15,000 ரூபாய் என்று நிர்ணயிக்கிறார் நம் தென்காசி இளைஞர். விற்றும்விட்டது. இனி கணக்கைப் பார்ப்போம்.

கேலரி கமிஷன் 40 சதவீதம் என்றால் 6,000 ரூபாய் போய்விடும். மீதி 9,000. ஃபிரேமுக்கு 2,500, கேன்வாஸ், பெயின்ட்டுக்கு 2,500, பேக்கிங், போக்குவரத்துக்கு 1,200 என்று வைத்தால் கையில் நிற்பது 2,800 ரூபாய். அந்த ஓவியத்துக்குப் பத்து நாள் வேலை பார்த்திருந்தால் நாளொன்றுக்கு 280 ரூபாய். வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவரின் தினக்கூலியைவிட ரொம்பக் குறைவு.

வாங்குபவர் 10 சதவீதத் தள்ளுபடி கேட்டு, அந்த 1,500 ரூபாயை ஓவியரின் பங்கிலேயே கழித்துவிட்டால்? மிச்சம் 1,300. நாளுக்கு 130 ரூபாய். '15,000 ரூபாய்க்கு ஓவியம் வித்துட்டான்' என்று ஊரே பேசும்போது, ஓவியருக்கு நடப்பது இதுதான். எனவே கமிஷன், ஃபிரேம், போக்குவரத்து எல்லாவற்றையும் கணக்கில் வைத்துத்தான் விலையைத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று, கேலரியில் 15,000 ரூபாய்க்குத் தொங்கும் ஓவியத்தைப் போன்ற ஒன்றை இன்ஸ்டாகிராமில் 7,000 ரூபாய்க்குக் கொடுக்கக் கூடாது. வாங்கியவருக்குத் தெரிந்தால் கேலரியின் பெயர் கெடும். ஓவியர் அங்கே மறுபடி நுழைய முடியாது. வீட்டில் விற்றாலும் கேலரியில் விற்றாலும் விலை ஒன்றாக இருக்க வேண்டும். விலையை ஏற்றுவது சுலபம், இறக்குவது கஷ்டம். அதனால் முதல் விலை நிதானமாக இருக்கட்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்...

"நம்ம ஆளுங்கதான், பேப்பர் எதுக்கு?" என்ற வார்த்தையில்தான் பல சண்டைகள் தொடங்குகின்றன. ஓவியத்தை ஒப்படைக்கும்போது ஒரு பக்கக் காகிதமாவது வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: எந்தெந்த ஓவியங்கள், என்ன விலை, கமிஷன் எத்தனை சதவீதம், தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கில் கழியும், விற்ற எத்தனை நாளில் பணம் வரும், ஓவியம் சேதமானால் யார் பொறுப்பு, போக வர போக்குவரத்துச் செலவு யாருடையது, விற்காதவை எந்தத் தேதியில் திரும்பும். மெயிலில் எழுதி, அவர்கள் 'சரி' என்று பதில் போட்டாலும் அதுவும் ஒரு பதிவுதான்.

சட்டம் ஓவியருக்குச் சில உரிமைகளைத் தருகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தை விற்றதாலேயே அதன் பதிப்புரிமை போய்விடாது. உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். வாங்கியவர் சுவரில் மாட்டலாம்; அதை காலண்டராகவும் டி-ஷர்ட்டாகவும் அச்சடித்து விற்க முடியாது. ஆனால் ஒரு விதிவிலக்கு: ஒருவர் பணம் கொடுத்து 'எனக்கு இதை வரைந்து கொடு' என்று கேட்டு வாங்கிய ஓவியமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் பதிப்புரிமை அவருக்கே போகும். ஆர்டர் எடுத்து வரைபவர்கள் இதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

அதே சட்டத்தின் 53ஏ பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. முதல் பதிப்புரிமை ஓவியரிடம் இருந்த மூல ஓவியம் பிற்காலத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அதில் அதிகபட்சம் 10 சதவீதம் வரை பங்கு கேட்க ஓவியருக்கோ வாரிசுக்கோ உரிமை உண்டு. இதையெல்லாம் நிரூபிக்க, யாருக்கு எப்போது விற்றோம் என்ற ரசீதும் போட்டோவும் கையில் இருக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

'நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்' என்று மெசேஜ் வந்தால்?

புதிய ஓவியர்களின் இன்ஸ்டாகிராமுக்கு அடிக்கடி வரும் மெசேஜ் இது. 'சர்வதேசக் கண்காட்சிக்கு உங்கள் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.' ஓவியர் விண்ணப்பிக்கவே இல்லை. அடுத்த மெசேஜில் தொகை வரும்: பங்கேற்புக் கட்டணம், புத்தகத்தில் ஒரு பக்கம், சான்றிதழ், விருது என்று தனித்தனி ரேட். முதன்முதலாக யாரோ 'தேர்வு' என்ற வார்த்தையைச் சொன்ன சந்தோஷத்தில், வீட்டில் நகையை வைத்துக்கூடப் பணம் கட்டத் தோன்றும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? ஓவியம் விற்றால் வருமானம் என்றால், விற்பதற்கு உழைப்பார்கள். ஓவியரிடமிருந்தே வருமானம் என்றால், பணம் வந்த நிமிடமே அவர்கள் வேலை முடிந்தது. போட்டிகளுக்குச் சிறிய நுழைவுக் கட்டணம் இருப்பது வேறு. வாடகைக் கூடத்துக்கு வாடகை கட்டுவது வேறு. 'தேர்வு' என்று பெயர் சூட்டி, எல்லோரையும் தேர்ந்தெடுத்துப் பணம் வாங்குவதுதான் பிரச்சினை. முன்பு அங்கே பங்கேற்ற இரண்டு ஓவியர்களிடம் நேரடியாகக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தேர்வான பிறகு: மாட்டும் வேலை

உண்மையாகவே தேர்வாகிவிட்டால், ஓவியம் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும். ஆயில் பெயின்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும்; உள்ளே காய மாதக்கணக்காகும். அவசரத்தில் வார்னிஷ் அடிக்கக் கூடாது. நம்மூர் வெயிலில் பபுள் ராப்பை நேராக ஓவியத்தின்மேல் சுற்றினால், குமிழ்களின் அச்சு பெயின்ட்டில் பதிந்துவிடும். முதலில் ஒட்டாத வழவழப்புத் தாள், அப்புறம் பபுள் ராப், வெளியே கெட்டி அட்டை, நான்கு மூலைக்கும் தனிக் காப்பு. கேன்வாஸைச் சுருட்டி அனுப்ப வேண்டியிருந்தால், நன்கு காய்ந்த பிறகு, வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுற்ற வேண்டும். தூரப் பயணத்துக்கு ஃபிரேமில் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போடலாம்.

ஓவியத்தின் பின்பக்கம் பெயர், தலைப்பு, மீடியம், அளவு, ஆண்டு எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும். மாட்டுவதற்கு இரண்டு பக்கமும் வளையம் போட்டு உறுதியான கம்பி கட்டியிருக்க வேண்டும். கண்காட்சிக்கு முந்தைய இரவு சுத்தியலும் கம்பியும் தேடி ஓடுகிற ஓவியரை கேலரி ஊழியர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். நல்ல விதமாக அல்ல.

பொறுப்பு ஓவியருக்கு மட்டும்தானா?

இவ்வளவையும் ஓவியர் கற்றுக்கொள்ளலாம். ஆனால், இது ஒரு கையால் தட்டுகிற ஓசை அல்ல.

தமிழ்நாட்டில் இயங்கும் ஓர் ஓவியக் கூடம், தன் விண்ணப்ப விதிகளைத் தமிழில் ஒரு பக்கம் வெளியிடுவதில் என்ன சிரமம்? எத்தனை ஓவியம், எந்த வடிவில், கமிஷன் எவ்வளவு, எத்தனை வாரத்தில் பதில் என்று நாலு வரி போதும். 'பதில் இல்லையென்றால் தேர்வாகவில்லை என்று கொள்க' என்று ஒரு வரி எழுதினால்கூட, ஒருவர் ஆறு மாதம் காத்திருப்பது மிச்சமாகும்.

பொது நிதியில் நடக்கும் அமைப்புகளுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். அறிவிப்பு எல்லா மாவட்டங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். ஓவியத்தை போட்டோ எடுப்பது, விலை நிர்ணயிப்பது, ஒப்பந்தம் படிப்பது பற்றி மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரு நாள் பயிலரங்கு நடத்தலாம். மாவட்ட நூலகங்களில் ஒரு சுவரை ஒதுக்கிக் கொடுக்கலாம். ஃபிளெக்ஸ் வந்து சுவர் விளம்பர ஓவியர்களின் தொழிலைப் பறித்த பிறகு, கையில் வித்தையோடு வேறு வேலைக்குப் போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதவு எங்கே என்று காட்டுவது சலுகை அல்ல.

சோழமண்டல் ஓவியர் கிராமம் நினைவுக்கு வருகிறது. 1966இல் கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் கூடி, பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணத்தில் வாங்கிய நிலம் அது. கேலரி தங்களைத் தேடி வரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை, கூட்டாகச் சேர்ந்தார்கள். இன்று தென்காசியிலோ தர்மபுரியிலோ இருக்கும் ஐந்து ஓவியர்கள் சேர்ந்தால், கூடத்தின் வாடகையை ஐந்தாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். போட்டோ எடுக்கத் தெரிந்தவர் எல்லோருக்கும் எடுக்கலாம். ஆங்கிலம் தெரிந்தவர் எல்லோருக்கும் மெயில் எழுதலாம். கல்லூரி கேன்டீனில் கிடைக்கும் அந்தக் காதுவழிப் பாடம் அங்கேயும் கிடைக்கத் தொடங்கும்.

அடுத்த முறை யாராவது வீட்டுக்கு வந்து "கேலரியில வைக்கலாமே!" என்று சொன்னால், "எந்த கேலரி?" என்று திருப்பிக் கேட்கலாம். அதற்குள் பத்து ஓவியங்களின் நல்ல போட்டோவும், அளவும் விலையும் எழுதிய ஒரு பட்டியலும் தயாராக இருக்கட்டும்.